கம்பளி ‘மிதிப்பு’? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.
இங்கிலாந்துக் குடும்பப் பெயர்கள் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். ஃபுல்லர், டக்கர், வாக்கர் மூன்றும் ஒரே தொழிலின் பெயர்கள். தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கே வாக்கர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட மூத்திரம் ஊற்றிக் காலால் மிதிப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகும். இழைகள் பின்னிச் சுருங்கித் துணி தடிக்கும். இதற்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

---
துவைத்தல். வேறென்ன? துவை என்றால் மிதி, இடி என்றும் பொருள் உண்டு. துவையல் பின்னே எங்கிருந்து வந்தது?

---
> துவைத்தல்

ஐயா, அகராதி உங்கள் பக்கம், வாசகர் இல்லை. சலவைக்காரர் என்றுதான் படிப்பார்கள். வெந்நீரில் துவைத்த ஸ்வெட்டர் பிள்ளைக்குப் போடும் அளவுக்குச் சுருங்குமே, அதை வேண்டுமென்றே செய்வது இத்தொழில். என் பரிந்துரை: ‘கம்பளித் திண்மையாக்கம்’.

---
திண்மையாக்கமா! அரசாணை வாடை அடிக்கிறது அம்மா. அது கிடக்கட்டும், பெயரில் ஆய்தம் எதற்கு? ‘புல்லர்’ என்றே எழுதலாமே.

---
எழுதலாம். புல்லர் என்றால் கீழ்மக்கள். உங்கள் தனித்தமிழ் ஒரு வம்சத்தையே வைதுவிடும்.

---
வாக்கரில் நம் ‘வலசை’ யாருக்கும் தெரியவில்லையா?

---
தெரியவில்லை அண்ணா. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு உருட்டு, புரட்டு என்றே பொருள். நடப்பது பின்னால் வந்தது. ஜெர்மனில் ‘வால்க்கர்’ என்பதும் இதே தொழில்தான். நான் ‘மிதிப்பு’க் கட்சி. மிதிப்பவர், மிதிப்புத் தொட்டி, மிதிப்பு மண். கடைசியது வேறொன்றுமில்லை, முகத்தில் பூசுகிறோமே முல்தானி மட்டி, அந்த வகை. அங்கே கம்பளியின் எண்ணெயை உறிஞ்சியது.

---
1185இல் டெம்ப்ளர் சபையார் (சிலுவைப் போர்க்காலத் துறவி வீரர்கள்) இங்கிலாந்தில் எடுத்த சொத்துக் கணக்கிலேயே இதற்கான நீராலை வந்துவிட்டது. இடித்தது மரச் சம்மட்டி. காலே இல்லாத இடத்தில் மிதிப்பாவது!

---
வடக்கத்தி ஆங்கிலேயர் அந்தச் சம்மட்டி ஆலையையும் ‘வாக் மில்’ என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கே உறுத்தவில்லை.

---
பருத்தி உடுத்தும் ஊரில் இதற்குச் சொல் தேடி என்ன ஆகப்போகிறது? ‘ஃபுல்லிங்’ என்றே போட்டு அடிக்குறிப்பு எழுதுங்கள்.

---
மிதிப்புக்கு நான்கு பேர், தனிமடலில் வந்த இருவரையும் சேர்த்து. ‘மிதிப்பு’ என்றே அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

---
துவைத்தல்தான் சரி.

---
வலசைக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.