தீபாவளி அரிசிப் பைக்குப் பதிலாகப் பணமாகவே கொடுக்கலாமா? தோட்டப்புறக் குடும்பங்கள் பற்றி ஒரு கேள்வி

பிறை_குமரன்:

வணக்கம். மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் உள்ள ஒரு சங்கத்தின் நலப்பிரிவுக்காகக் கேட்கிறேன். நிபோங் திபால், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் இருக்கும் 40 குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் அரிசி, எண்ணெய், மைலோ, பிஸ்கட் கட்டிக் கொடுப்பது வழக்கம். இந்த ஆண்டு கையிருப்பு 48,000 வெள்ளி (ரிங்கிட்), அதாவது வீட்டுக்கு 1,200. பணமாகவே கொடுத்துவிடலாம் என்று செயலவையில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர், "காசா கொடுத்தா சம்சுக்குத்தான் (மலிவுச் சாராயம்) போகும்" என்கிறார்கள்.

கேட்க விரும்புவது மூன்று. பணம் கொடுத்தால் நிஜமாகவே குடும்பம் முன்னேறுகிறதா? மாதம் 100 வெள்ளியாகக் கொடுப்பதா, ஒரே தடவையில் 1,200 கொடுப்பதா? யார் கணக்கில் போடுவது, எங்கே தப்பு நடக்கும்?

---

ஜெலுத்தோங்_வாணி:

குமரன் அண்ணே, சம்சு பேச்சை முதலில் முடித்துவிடுவோம். எல்லாக் கூட்டமும் அதிலேயே மாட்டிக்கொள்கிறது. டேவிட் எவன்ஸ், அன்னா பொப்போவா என்ற இரு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா நாடுகளில் நடந்த பணத்திட்ட ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். பணம் வாங்கிய வீடுகளில் மது, புகையிலைச் செலவு கூடவில்லை. பல இடங்களில் சற்று இறங்கியே இருந்தது. குடிக்கிற ஆள் காசில்லாத நாளிலும் கடன் சொல்லிக் குடிக்கிறார். அவருக்காக மற்ற 39 வீட்டையும் சந்தேகப்படுவது நியாயமில்லை. அப்படி ஒரு வீடு இருந்தால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

முன்னேற்றம் பற்றி அதிகம் ஆராயப்பட்ட இடம் கென்யாவின் மேற்குப் பகுதி. சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, புல் வேய்ந்த கூரை உள்ள 10,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு அமைப்பு தலா 1,000 டாலர் அளவுக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல், எம்-பெசா என்ற கைத்தொலைபேசிப் பணச்சேவை வழி அனுப்பியது. கொடுத்த ஒரு டாலருக்கு அந்த வட்டாரப் பொருளாதாரம் ஏறக்குறைய இரண்டரை டாலர் வளர்ந்தது. விலைவாசி கூடியது 0.1 விழுக்காடுதான். பணம் வாங்காத வீடுகளுக்கும் வருமானம் கூடியது, ஏனென்றால் வாங்கியவர்கள் பக்கத்துக் கடையிலும் கொத்தனாரிடமும்தான் செலவு செய்தார்கள். 2025-ல் வந்த இன்னொரு கட்டுரை அதே கிராமங்களில் பிள்ளைப்பேற்றைப் பார்த்தது. பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தார்கள். பேறுகால நேரத்தில் பணம் வந்த வீடுகளிலும், மருத்துவர் இருக்கும் மருத்துவமனை பக்கத்தில் இருந்த இடங்களிலும் பலன் கூடுதல். மருத்துவமனையே இல்லாத ஊரில் பணம் மட்டும் அந்த வேலையைச் செய்யாது என்பதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த 1,000 டாலர் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் செலவில் முக்கால் பங்கு. உங்கள் 1,200 வெள்ளி, 2025-ல் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் ஒரு மாதம்கூட ஆகாது. அதனால் கூரை மாறும், தொழில் தொடங்குவார்கள் என்று செயலவையில் சொல்லிவிடாதீர்கள். வட்டிக் கடன் ஒன்றை அடைப்பது, பள்ளி திறக்கும் மாதத்தைக் கடனில்லாமல் தாண்டுவது, பழுதாகி நிற்கும் மோட்டாரை ஓட வைப்பது. இவை 1,200-க்குள் அடங்கும்.

மாதமா மொத்தமா என்பதற்கும் பதில் இருக்கிறது. அதே மேற்குக் கென்யாவில் இதற்கு முன் ஹவுஷோஃபர், ஷபிரோ இருவரும் நடத்திய ஆய்வில், மாதாமாதம் வாங்கிய வீடுகளில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை போன்ற நிலைக்கும் பொருளில் போட்டார்கள். தனியாக இருக்கும் வயதானவருக்கு மாதம் 100 கொடுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மொத்தமாக, பள்ளித் தவணை தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு கொடுங்கள். கொடுக்கும்போது "இது பிள்ளைங்க படிப்புக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். மொரோக்கோவில் தைசீர் என்ற திட்டத்தில் படிப்புக்கான பணம் என்று பெயர் மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கு வந்தாயா என்று பரிசோதித்துக் கொடுத்த இடங்களுக்கு அது சற்றும் சளைக்கவில்லை. ரசீது கேட்டு யாரையும் அலைக்கழிக்க வேண்டாம்.

---

சுங்கை_பாக்காப்_சேகர்:

வாணி சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் வரிசையை மாற்ற வேண்டும். சங்கப் பணத்தைத் தொடுவதற்கு முன் 40 வீட்டுக்கும் எஸ்டிஆர் என்ற அரசின் ரொக்க உதவி வருகிறதா என்று பாருங்கள். 2025 கணக்கில், மாத வருமானம் 2,500 வெள்ளிக்குள் இருந்து மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,000 வெள்ளி. அது போக மைகாட் எனும் அடையாள அட்டை வழி கடையில் அடிப்படைப் பொருள் வாங்கிக்கொள்ளும் சாரா உதவி மாதம் 100. இ-காசிஹ் எனும் அரசின் வறியோர் பட்டியலில் இருந்தால் 200. உங்கள் 1,200-ஐ விட இது பெரிய தொகை. ஒரு தடவை விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் வந்துகொண்டிருக்கும்.

விண்ணப்பம் தடுக்கி விழும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான். வங்கிக் கணக்கு ஓராண்டாக வரவு செலவு இல்லாமல் செத்துப்போய் இருக்கும். கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரு எழுத்து மாறியிருக்கும். நம் பெயர்களில் இது சகஜம். குழந்தை பிறந்து நாளாகியும் விவரத்தைப் புதுப்பித்திருக்க மாட்டார்கள். கணவர் பிரிந்து போயிருப்பார், விண்ணப்பம் இன்னும் அவர் பெயரில் இருக்கும். பணம் அவர் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். சாராவில் இன்னொரு சிக்கல், மைகாட் சில்லு தேய்ந்திருந்தால் கடையில் இயந்திரம் படிக்காது. தேசியப் பதிவிலாகாவில் அட்டையை மாற்றியே ஆக வேண்டும். தோட்டத்திலிருந்து போய் வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பதால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு வேன் பிடித்து ஐந்தாறு பேரை ஒரே நாளில் அழைத்துப் போய் வாருங்கள். அந்த வாடகை சங்கம் செய்யும் மிக லாபமான செலவு.

இதெல்லாம் முடிந்த பிறகும் சில வீடுகள் மிஞ்சும். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள், பிறப்புப் பத்திரமே இல்லாதவர்கள். குடிமக்களுக்கான உதவி எதுவும் இவர்களை எட்டாது. சங்கப் பணம் முதலில் போக வேண்டியது இவர்களுக்குத்தான். எட்டுப் பத்து வீடு இப்படி இருந்தால் 1,200 வேண்டாம், 2,400 கொடுங்கள். மற்றவர்களுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

கைக்காசு ஏன் அரிசியை விட மேல் என்பதற்கு ஒரு சின்ன விஷயம். 150 சிசி வரை உள்ள மோட்டாருக்குச் சாலை வரி வெறும் 2 வெள்ளி. ஆனால் இன்சூரன்ஸ் எடுக்காமல் அதைப் புதுப்பிக்க முடியாது. இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டும். அந்தத் தொகை சேராமல், காலாவதியான மோட்டாரில் பயந்து பயந்து வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒரு சோதனையில் மாட்டினால் வருகிற சம்மன் இன்சூரன்ஸை விடக் கூடுதல். இந்த வீட்டுக்கு அரிசிப் பை போய் என்ன செய்யும்? உள்நாட்டு அரிசி 10 கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலை இருக்கிறது, பக்கத்துக் கடையில் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். நாம் லாரி வைத்துக் கொண்டுபோய் இறக்கினால் அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம் போகும்.

---

பிறை_குமரன்:

இருவருக்கும் நன்றி. எஸ்டிஆர் விஷயத்தை இந்த வாரமே எடுக்கிறோம். ஒரு சந்தேகம்: ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆறு வீட்டுக்குக் கொடுத்து நாலு வீட்டை விட்டால் சண்டை வருமே? பணம் போடும்போது சங்கத்தின் பக்கம் என்ன கட்டுப்பாடு வைக்க வேண்டும்?

---

செந்தூல்_கணக்கர்:

கட்டுப்பாடு பற்றி நான் சொல்கிறேன். பெயர் எழுதுகிறவர், பணம் அனுப்புகிறவர், போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறவர். இந்த மூவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. கிவ்டைரக்ட்லி போன்ற பெரிய அமைப்புக்கே காங்கோவின் தெற்கு கிவுவில் ஏறக்குறைய 9 லட்சம் டாலர் களவு போனது. அவர்களே 2023-ல் அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். குடும்பங்களுக்கு சிம் கார்டு பதிவு செய்துகொடுக்கும் வேலை எந்த ஊழியர்கள் கையில் இருந்ததோ, அவர்களில் சிலர் வழியாகத்தான் பணம் திசை திரும்பியது. உங்கள் சங்கத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். அந்த நல்ல பெயரைக் காப்பாற்றவும் இந்தப் பிரிவினை வேண்டும்.

அனுப்பும் முறை எளிது. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு அட்டை இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 50 வெள்ளி மட்டும் போடுங்கள். டுயிட்நவ் எனும் வங்கிப் பணமாற்று முறையில் உறுதி செய்வதற்கு முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். அதை அடையாள அட்டையோடு எழுத்தெழுத்தாகப் பாருங்கள், அ/பெ (மகள்), அ/லெ (மகன்) உட்பட. மறுநாள் வேறொருவர் அழைத்து, "எவ்வளவு வந்திருக்கு? எடுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்கட்டும். எடுத்துப் பார்த்தால்தான் கணக்கு. சியாயாவிலும் முதலில் 7,000 ஷில்லிங் அனுப்பி, வழி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் 40,000, 40,000 என்று இரண்டு தவணை போனது.

அந்த 50 வெள்ளி இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பணம் வந்தது என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை என்றால் ஏடிஎம் அட்டை வேறு யாரிடமோ இருக்கிறது. ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரன்) கடன் வாங்கும்போது அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்துவிடுவது நடக்கிற கதை. அந்தக் கணக்கில் 1,200 போட்டால் அன்றைக்கே அவன் எடுத்துவிடுவான். மனைவி பெயரில் புதிதாக ஓர் அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் திறந்து அதில் போடுங்கள். திறக்கும்போதே குறைந்தபட்ச இருப்பு, ஆண்டுக் கட்டணம் எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்த கையோடு, இருப்புக் குறைவு என்று சில வங்கிகள் அதிலிருந்தே பிடித்துக்கொண்டன; அரசு தலையிட வேண்டியிருந்தது.

லயத்துச் சண்டைக்கு: ஒரு லயத்தில் பெரும்பாலான வீடுகள் தகுதியானவை என்றால், எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். அந்த நாலு வீட்டின் பணத்தை மிச்சம் பிடித்து அங்கே உள்ள பெண்களை ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் செய்வது நட்டம். அப்படி முடியாது என்றால் தகுதி விதியைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக வையுங்கள்: சிவப்பு அட்டை, தனித்தாய், படுக்கையில் உள்ள நோயாளி. விதியைக் கோவில் பலகையில் ஒட்டுங்கள், பெயர்களை ஒட்ட வேண்டாம். புகார் சொல்ல ஒரு எண் கொடுங்கள். அது பட்டியல் தயாரித்தவரின் எண்ணாக இருக்கக் கூடாது.

சங்கம் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் வரிவிலக்கு பெற்றது என்றால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். வங்கிச் சீட்டும் அதோடு இருந்தால் தணிக்கையில் கேள்வி வராது.

---

ஜெலுத்தோங்_வாணி:

கணக்கர் ஐயா சொன்ன எல்லாம் சரி. மனைவி பெயரில் என்பதில் மட்டும் ஒரு திருத்தம். மேற்குக் கென்யாவில் கணவனுக்கும் மனைவிக்கும் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்கள், செலவு செய்த விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கணவர் பொறுப்பானவர், மனைவிக்குக் கணக்கில்லை என்றால் அவர் கணக்கிலேயே போடலாம். அட்டை யார் கையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

இன்னொன்று. மாதம் 100 வாங்குகிறவர்கள் தங்களுக்குள் கூட்டுக் கட்டினால் (சீட்டுப் பிடிப்பது) தடுக்காதீர்கள். கென்யாவில் மாதப் பணம் வாங்கிய ஊர்களிலும் இதைத்தான் செய்தார்கள், சிறுதொகையைச் சேர்த்து முறை வைத்து மொத்தமாக எடுத்தார்கள். ஆனால் அதைச் சங்கம் நடத்த வேண்டாம். 1971 சட்டப்படி கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். சங்கத்தின் பெயர் அதில் அடிபடவே கூடாது.

சேகர் சொன்ன சிவப்பு அட்டை வீடுகளைப் பற்றிச் செயலவையில் அழுத்திப் பேசுங்கள் அண்ணே. அவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கே இருக்காது, அதனால் பட்டியலில் தானாகவே கடைசிக்குப் போய்விடுவார்கள். அந்த வீடுகளுக்கு இரண்டு பேர் சேர்ந்து போய், கையில் எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வரலாம். கையெழுத்துத் தெரியாதவரானால் கைரேகை போதும்.