சாயங்காலமானால் அம்மா புனலூர் வண்டிக்குக் கிளம்புகிறார், யாரிடம் காட்டுவது?

செங்கோட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. எட்டு மாதமாக மறதி. கடைசி இரண்டு மாதமாகக் குழப்பமும் சேர்ந்துகொண்டது.

மாலை ஐந்து மணியானால் ஒயர்கூடையில் ஒரு சேலையையும் வெற்றிலைப் பெட்டியையும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். புனலூருக்கு மீட்டர்கேஜ் வண்டி வந்துவிடுமாம். அந்த வண்டியை 2010-லேயே நிறுத்தியாயிற்று. பிறந்த ஊர் புனலூர். சில நேரம் என்னிடமே மலையாளத்தில் பேசுகிறார். ரசத்துக்கு இரண்டு தடவை புளி கரைப்பது, கேட்டதையே கேட்பது எல்லாம் தனி. காலையில் தெளிவாக இருப்பார், அதனால் நாங்களும் வயசு என்று விட்டுவிட்டோம். தப்புதான்.

சர்க்கரை, தைராய்டு, சிறுநீர் டெஸ்ட் எல்லாம் சரி. பி12 குறைவு என்று மூன்று மாதம் ஊசி போட்டோம், மாற்றமில்லை. பிரஷர் மாத்திரை மட்டும் உண்டு, தூக்க மாத்திரை கிடையாது. எங்கும் விழவில்லை. தலை ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. இங்கே பார்த்த டாக்டர் ‘வயசானா அப்படித்தான்’ என்று அனுப்பிவிட்டார்.

திருநெல்வேலியா திருவனந்தபுரமா என்று வீட்டில் இழுபறி, அது அப்புறம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: முதலில் நரம்பியல் டாக்டரிடம் காட்டுவதா, மனநல டாக்டரிடமா?