எம்77-இன் நடுவே உள்ள தூசி: அகச்சிவப்பில் என்னதான் தெரிகிறது?

மொட்டைமாடி8:
என் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் எம்77 விண்மீன் மண்டலத்தைப் பார்த்தேன். டெல்டா செட்டி என்ற விண்மீன் பக்கத்தில் சாம்பல் திட்டு, நடுவில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளி. அங்கிருக்கும் கருந்துளையைத் தூசி மறைக்கிறதாமே? மறைத்தால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அகச்சிவப்பில் தூசியைத் தாண்டி உள்ளே தெரியுமா?

தூசிப்பித்தன்:
கொஞ்சம் தாண்டும். ஆனால் எனக்குச் சுவாரசியம் தூசியிடம்தான். கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டு புறஊதாவைக் கொட்டுகிறது; தூசி அதை விழுங்கிச் சூடாகி அகச்சிவப்பாகத் திருப்பி விடுகிறது. சுமார் 1500 கெல்வினைத் தாண்டினால் தூசி ஆவியாகிவிடும். அந்த விளிம்பில் இருப்பது 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் ஒளிரும், வெளியே 300 கெல்வினில் இருப்பது 10 மைக்ரானில்.

கருந்துளைக்குச் சாட்சி 1985-இலேயே கிடைத்தது. அன்டோனூச்சியும் மில்லரும் தளவிளைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். தூசிக்கு மேலே எலெக்ட்ரான்களில் பட்டுத் தெறித்து வந்த அந்த ஒளியில், நேராகப் பார்த்தால் தெரியாத அகன்ற ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகள் இருந்தன; கருந்துளையருகே வாயு அதிவேகமாகச் சுற்றுவதன் அடையாளம் அது.

கார்த்திகை:
அப்போ கருந்துளையைச் சுற்றித் தூசி மெதுவடை மாதிரி இருப்பதாகப் புத்தகத்தில் போடும் படம் சரிதானே?

தூசிப்பித்தன்:
பாதி சரி. 10 மைக்ரானில் ஒற்றை 8.2 மீட்டர் தொலைநோக்கியின் பிரிதிறன், அதாவது பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம், சுமார் 0.3 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). எம்77-இன் தூசி மையமோ 0.05 வில்நொடிதான். அதனால் சிலியின் பரனலில் இரண்டு தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து, மிடி என்ற அகச்சிவப்புக் கருவியால் அளந்தார்கள். 2004-இல் வந்த முடிவு: 320 கெல்வின் தூசி, 3.4 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) அகலம், 2.1 பார்செக் தடிமன். வடை மாதிரிதான்!

அப்புறம்தான் குழப்பம். 2020-இல் கிராவிட்டி என்ற இன்னொரு கருவி, தடித்த வடை இல்லை, மெல்லிய வளையம் என்றது. 2022-இல் மாட்டிஸ் என்ற கருவியின் குழு தூசியின் வெப்பநிலையை இடம் இடமாக வரைந்து, கருந்துளை தடித்த தூசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்றது. எனக்கு மாட்டிஸ் வாதம்தான் வலுவாகப் படுகிறது. சர்சினஸ் விண்மீன் மண்டலம் இன்னும் மோசம்: நடு அகச்சிவப்பின் பெரும்பகுதி வட்டிலிருந்து வரவில்லை, துருவத் திசையில் நீளும் தூசியிலிருந்து வருகிறது. ஒளியின் அழுத்தம் தூசியைக் காற்றாக ஊதித் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

மொட்டைமாடி8:
என் கேமராவில் ஐஆர் ஃபில்டரைக் கழற்றினால் ஏதாவது சிக்குமா?

தூசிப்பித்தன்:
சிக்காது சார். சிலிக்கான் சென்சார் 1.1 மைக்ரானோடு நின்றுவிடும். 10 மைக்ரானுக்குப் போனாலோ உங்கள் தொலைநோக்கிக் குழாய், கண்ணாடி, மேலே இருக்கும் காற்று எல்லாமே தங்கள் சூட்டாலேயே ஒளிரும். ஃபில்டரைக் கழற்றாதீர்கள், தூசி சென்சாரில்தான் விழும்.