எல்லையில் லாரி நிற்பதற்கு யார் பொறுப்பு: சுங்க அதிகாரியா, பேப்பர் தயாரித்தவரா?

நெடுவழி_ராசு
நாடு விட்டு நாடு டிரெய்லர் ஓட்டுகிறேன். ஆவணத்தில் சிக்கல் என்றால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஏன் நிறுத்தினார்கள், எப்போது விடுவார்கள் என்று கேட்டால் மட்டும் டிரைவருக்கு யாரும் பதில் சொல்வதில்லை. பாஸ்போர்ட்டையும் வண்டிப் பேப்பரையும் உள்ளே வாங்கிக்கொண்டு கண்ணாடியைச் சாத்திவிடுகிறார்கள். அப்புறம் ஷிப்ட் மாறும். புதிதாக வந்தவர் முதலிலிருந்து விசாரிப்பார். வெளியே ரீஃபர் வண்டி, அதாவது குளிர்பதனப் பெட்டி வண்டி, டீசலைக் குடித்துக்கொண்டு நிற்கும். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை எடுக்க வேண்டும், அதனால் கண் மூடவும் முடியாது. அந்த நேரத்தை ஓய்வுக் கணக்கில் எழுதச் சொல்கிற முதலாளிகள் வேறு. சுங்க அதிகாரிகள் டிரைவரை ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_சுங்கம்
நான் மறுக்கிறேன் தம்பி. எந்த வண்டியைத் திறப்பது என்பதைப் பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவர் முடிவு செய்வதில்லை. ஐ.நா.வின் அங்டாட் அமைப்பு உருவாக்கிய அசிகுடா என்ற மென்பொருள் பல நாடுகளில் ஓடுகிறது. சரக்குப் பத்திரம் பதிவானதும் அது தடம் பிரித்துவிடும். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் காகிதச் சோதனை, சிவப்பு என்றால் சரக்கைத் திறந்து பார்க்க வேண்டும். எந்த அளவுகோலில் சிவப்பு விழுந்தது என்று அதிகாரி வெளியே சொன்னால், அடுத்த முறை கடத்துகிறவன் அதற்குத் தகுந்தபடி பத்திரம் எழுதுவான். டிரைவருக்குத் தெரியாமலேயே சரக்குக்குள் போதைப்பொருள் வைத்து அனுப்புகிறார்கள். அவர் அப்பாவியா இல்லையா என்பது திறந்து பார்த்த பிறகுதான் தெரியும். நாங்கள் வாய் மூடி இருப்பதற்குத் திமிர் மட்டும்தான் காரணம் என்று எழுதுவது நியாயமில்லை.

கிளியரிங்_மலர்
சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் சரக்கை அனுப்புகிறவரை விட்டுவிட்டீர்கள். நான் பார்க்கும் தாமதங்களில் நிறைய அவருடைய மேசையில்தான் தொடங்குகின்றன. இன்வாய்ஸில் ஓர் எடை, பேக்கிங் லிஸ்ட்டில் வேறு எடை, எடைமேடையில் மூன்றாவது எடை. சரக்குக் கதவில் போடும் சீலின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தாலே போதும், வண்டி நின்றுவிடும். திருத்திய கடிதம் வர வேண்டும், ஆனால் அனுப்பியவர் வெள்ளிக்கிழமை மாலையே அலுவலகத்தைப் பூட்டிவிட்டார் என்றால் அதிகாரி என்ன செய்வார்?

சாலைச் சரக்குக்கான 1956ஆம் ஆண்டு சி.எம்.ஆர். ஒப்பந்தம் இதில் தெளிவாக இருக்கிறது. சுங்கத்துக்கான ஆவணங்களைத் தர வேண்டியவர் அனுப்புநர். அவை சரியா என்று விசாரிக்க வண்டிக்காரருக்குக் கடமை இல்லை. ஆவணக் குறையால் நட்டம் வந்தால் அனுப்புநர்தான் வண்டிக்காரருக்குப் பொறுப்பு. ராசு அண்ணன் கோபப்பட வேண்டிய ஆள் கண்ணாடிக்குப் பின்னால் இல்லை.

நெடுவழி_ராசு
மலர், நட்டஈடு பேசுவது கம்பெனியும் கம்பெனியும். நான் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். வழக்கு முடிந்து பணம் வந்தாலும் அதில் எனக்கு ஒரு காசு கிடையாது.

ஐயா சொன்ன ரகசியத்துக்கும் ஒரு வார்த்தை. உலக வணிக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. கெட்டுப்போகும் சரக்கை விடுவிக்க ரொம்பத் தாமதமானால், எழுத்தில் கேட்பவருக்கு முடிந்தவரை காரணம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் கடத்தல்காரன் உஷாராகிவிடுவான் என்று அப்போது யாரும் அஞ்சவில்லையே? அலுவலகத்திலிருந்து கடிதம் அனுப்பும் இறக்குமதியாளருக்குச் சொல்லக்கூடிய காரணத்தை, வண்டியோடு நிற்கிற எனக்கு ஏன் சொல்லக்கூடாது?

பதினெட்டு_சக்கரம்
ராசு அண்ணே, பெரிய விஷயத்தை எல்லோரும் சுற்றிக்கொண்டே போகிறீர்கள். லஞ்சம். ஒரு எல்லையில், ஊர் பேர் வேண்டாம், பேப்பர் கட்டை நீட்டினேன். அதிகாரி புரட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். மறுபடி நீட்டினேன். மறுபடி வந்தது. பின்னால் நின்ற டிரைவர்தான் நடுவில் நோட்டு வைக்கச் சொன்னார். அந்த வண்டிக்குச் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. எல்லாம் சுத்தமாக இருந்தது. இதற்கு எந்த மென்பொருள் பொறுப்பு?

ஓய்வுபெற்ற_சுங்கம்
அது திருட்டு. நான் மழுப்பப் போவதில்லை. உலகச் சுங்க அமைப்பே 1993இல் அரூஷா பிரகடனம் என்று நேர்மைக்காகத் தனியாக ஒன்றை வெளியிட்டது, 2003இல் அதைத் திருத்தியும் எழுதியது. நோய் இல்லாத இடத்தில் அப்படி ஒரு மருந்துச் சீட்டு தேவைப்பட்டிருக்காது.

ஆனால் கொடுக்கிற பக்கத்தையும் பாருங்கள். வண்டி கிளம்பும்போதே "வழிச் செலவு" என்று பணத்தைக் கையில் திணித்து அனுப்புகிற கம்பெனிகள் இருக்கின்றன. பேப்பர் சரியில்லாத வண்டியை அந்தப் பணத்தால் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். கேட்காமலேயே நீட்டும் டிரைவர்கள் எத்தனை பேர்! வாங்காத அதிகாரிக்கு அங்கே என்ன பெயர் கிடைக்கும் தெரியுமா? வேண்டுமென்றே வண்டியை நிறுத்துகிறவன் என்று.

பதினெட்டு_சக்கரம்
கொடுப்பதும் வாங்குவதும் ஒரே தட்டில் வராது ஐயா. என் பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கிறது. அவருடையது என்னிடம் இல்லை.

கிளியரிங்_மலர்
நேருக்கு நேர் பார்க்கும் கவுண்டர்களைக் குறைத்தாலே இதில் பாதி தீரும் என்று நினைக்கிறேன். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே சிருண்டுவில் 2009இல் ஒரே இடச் சோதனைச் சாவடி தொடங்கினார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள், வண்டி ஒருமுறை நின்றால் போதும்.

நெடுவழி_ராசு
நல்லதுதான். ஆனால் நடுவழியில் நடப்பது வேறு. டி.ஐ.ஆர். என்பது கிளம்பும் இடத்தில் கதவுக்குச் சீல் வைத்து, ஒரே ஆவணப் புத்தகத்தோடு பல நாடுகளைக் கடக்கும் முறை. அதில் ஓடும் வண்டிக்குப் பொதுவாக இடைப்பட்ட எல்லைகளில் சோதனை இல்லை, சந்தேகம் இருந்தால்தான் திறக்கலாம். என் வண்டியை ஓர் இடத்தில் திறந்தார்கள், பார்த்தார்கள், புது சீல் போட்டார்கள். புது எண்ணைப் புத்தகத்தில் ஏற்றவில்லை. அடுத்த எல்லையில் புத்தகத்தில் ஓர் எண், கதவில் வேறு எண். நடுவழியில் நான் சீலை உடைத்துச் சரக்கை எடுத்தவன் ஆகிவிட்டேன். பழைய சீல் எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள்!

ஓய்வுபெற்ற_சுங்கம்
அதில் நான் முழுக்க உங்கள் பக்கம். 1975 டி.ஐ.ஆர். ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு அதற்குத்தான். சோதனை செய்ததையும் புது சீலின் விவரத்தையும் அந்த நாட்டுத் தாளிலும் அடிக்கட்டையிலும், புத்தகத்தில் மீதமுள்ள தாள்களிலும் பதிய வேண்டியது திறந்த அதிகாரியின் வேலை. பதிவு விழும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

பதினெட்டு_சக்கரம்
எடுக்காமல் நின்றால் பின்னாலிருந்து ஹாரன், முன்னாலிருந்து "போ போ" என்று கை. புது சீலைப் படம் எடுக்கலாம் என்றால், சுங்க வளாகத்துக்குள் போனை வெளியே எடுத்தாலே பிடுங்குகிற இடங்கள் இருக்கின்றன.

கிளியரிங்_மலர்
வளாகத்தைத் தாண்டியதும் முதலில் நிறுத்த முடிந்த இடத்தில் எடுங்கள். கதவும் சீல் எண்ணும் ஒரே படத்தில் விழட்டும். உடனே முகவருக்கு அனுப்பிவிடுங்கள், நேரம் பதிவாகிவிடும். அடுத்த எல்லையில் சண்டை போட எங்கள் கையில் ஏதாவது வேண்டும்.

நெடுவழி_ராசு
செய்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ஐயா, டிரைவருக்கும் காரணம் எழுதித் தர ஒப்புக்கொள்வீர்களா, மாட்டீர்களா?

ஓய்வுபெற்ற_சுங்கம்
சோதனை முடியும்வரை காரணம் தரக் கூடாது. இதில் நான் மாற மாட்டேன். எத்தனை மணிக்குள் கூப்பிடுவோம் என்று ஒரு சீட்டில் நேரம் எழுதித் தரலாம், தர வேண்டும். அதற்குச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

நெடுவழி_ராசு
நேரச் சீட்டை ஏற்றுக்கொள்கிறேன், காரணம் கேட்பதை விட மாட்டேன். எழுதிய நேரம் தாண்டினால் அதே சீட்டில் ஏன் என்று எழுதி, கையெழுத்தும் போடட்டும்.