காட்டுக்கோரையா, சோலைக்கோரையா?

வணக்கம்.

கரெக்ஸ் சில்வற்றிக்கா (Carex sylvatica) என்ற ஐரோப்பியச் செடிக்குத் தமிழ்ப்பெயராக இங்கே ஓர் அண்ணா சொன்ன 'காட்டுக்கோரை' எனக்கு ஒப்பவில்லை. கோரை சரிதான். தண்டை இரு விரலால் உருட்டினால் மூன்று விளிம்பும் தட்டுப்படும், உள்ளே பொள்ளல் இருக்காது. இந்தச் செடியின் குடும்பத்துக்கு இதைவிட நல்ல பெயர் நமக்கு வேண்டாம். 'பன்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பன் என்றதும் நமக்கு அதைக்கொண்டு இழைக்கும் பாய்தான் நினைவுக்கு வரும், அதை அப்படியே விட்டுவிடுவோம்.

சிக்கல் 'காட்டு' என்ற அடையில் இருக்கிறது. காட்டாமணக்கு வேலியோரத்திலும் தரிசிலும் நிற்கிறது, அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. செடியின் பெயருக்கு முன்னால் 'காட்டு' வந்தால், மனிதர் வளர்க்காதது என்றுதான் நம் காதில் விழுகிறது. வளர்ப்புக் கோரை ஒன்று இருப்பது போலவும், இது அதன் முரட்டு உறவு போலவும் ஆகிவிடும். 1762இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் ஹட்சன் வைத்த 'சில்வற்றிக்கா' சொல்வது இருப்பிடத்தை, காட்டில் வளர்வது என்று. ஐரோப்பாவின் பீச், ஓக் மரங்களுக்கு அடியில், ஈரம் காக்கும் கனத்த களிமண்ணில், மெல்லிய காம்புகளில் பெண் கதிர்கள் தொங்க நிற்கும் செடி இது. பிரித்தானியாவில் இதைப் பழங்காடுகளை அடையாளம் காட்டும் செடிகளில் ஒன்றாக எண்ணுகிறார்கள்.

கொழும்பில் இருக்கும் நமக்கு அடை இன்னும் முக்கியம். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட ஊர் இது. கோரை என்றால் பெத்தகான சதுப்பில் வெயிலில் நிற்பதுதான் நம் பிள்ளைகளின் கண்ணில் வரும். மர நிழலை அடைமொழிதான் சுமந்தாக வேண்டும்.

அதனால் 'சோலைக்கோரை' என்கிறேன். சோலை என்ற சொல்லிலேயே மரமும் நிழலும் குளிர்ச்சியும் இருக்கின்றன. 'நிழல்விரும்பிக் கோரை'யையும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் இந்தச் செடி காட்டுப் பாதையோரத்திலும் மரம் வெட்டிய வெளியிலும் கூட வளர்கிறது. நிழலைத் தாங்குவதும் விரும்புவதும் ஒன்றல்ல. சோலை என்றால் இடத்தை மட்டும் சொல்லி நின்றுவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அங்கே பெரும்பாலும் 'சோலைக்காடு' என்று முழுதாகவே எழுதுகிறார்கள், அந்தக் குழப்பம் பெரிதல்ல. எனக்குள்ள தயக்கம் வேறு. நம் ஈரவலயக் காடுகளின் நிழலில் ஹைப்போலிற்றம் நெமோரம் என்ற கோரை இருக்கிறது. 'நெமோரம்' என்றாலும் சோலைகளுக்குரியது என்றே பொருள். ஐரோப்பியச் செடிக்குச் சோலையைக் கொடுத்துவிட்டு நம் மண்ணின் செடிக்கு எதை வைப்பது? அதைக் காட்டில் நேரில் பார்த்தவர்கள், ஊர்ப்பெயர் ஏதும் கேட்டவர்கள் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகவே முடிவு செய்வோம்.