பி.எஸ்.ஏ. டெஸ்ட் (ப்ராஸ்டேட் புற்று இருக்கான்னு பார்க்க எடுக்கிற ரத்த டெஸ்ட்) எடுக்கணுமா? எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல

பெரம்பூர் சைக்கிள்காரன்:
வயசு 54. லோகோ ஒர்க்ஸ் பக்கம் வீடு. தினமும் விடியறதுக்குள்ள பேசின் பிரிட்ஜ் வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வந்துடுவேன். ராத்திரி ஒண்ணுக்குன்னு ஒரு தடவைகூட எழுந்திருச்சதில்ல.

எங்க அண்ணனுக்கு 61. ஆறு மாசமா இடுப்பு வலி. தைலம், பெல்ட், எலும்பு டாக்டர்னு ஒரு ரவுண்டு முடிச்சு கடைசியில ஸ்கேன் எடுத்தா, எலும்புல புற்று பரவியிருக்குன்னாங்க. ஆரம்பிச்ச இடம் ப்ராஸ்டேட், மூத்திரப் பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி. அவருக்கும் ஒண்ணுக்குல எந்தச் சிக்கலும் இருந்ததில்ல. அதுதான் என்னைக் குடையுது.

வீட்ல பிடுங்கல் தாங்காம லேபுக்குப் போனேன். கவுன்ட்டர்ல என் பொண்ணு வயசுல ஒரு பொண்ணு. "என்ன டெஸ்ட் சார்?" பின்னாடி ஏழெட்டுப் பேர். "சுகர்"னு சொல்லிட்டேன். 92 வந்துச்சு. ரொம்ப சந்தோஷம்! இப்ப சொல்லுங்க, நல்லா இருக்கிறவன் இதை எடுக்கணுமா?

வியாசர்பாடி வாசு:
ஆசனவாயில விரல் விட்டுப் பார்ப்பாங்களாமே? எங்க மச்சான் அதுக்குப் பயந்தே போகல.

மாம்பலம் பெரியவர்:
வாசு, அது ஒரு நிமிஷ வேலை. மொதல்ல ரத்தம்தான் எடுப்பாங்க.

சைக்கிள்காரரே, வயசானா ப்ராஸ்டேட் வீங்கறது வேற. அது உள்பக்கம் வீங்கி மூத்திரக் குழாயை நெருக்கும், அதனால அடைச்சுக்கும். புற்று பெரும்பாலும் வெளிப்பக்கம் ஆரம்பிக்கும், குழாயைத் தொடவே நாளாகும். ஒண்ணுக்கு நல்லாப் போகுதுங்கறது சர்டிஃபிகேட் இல்ல. கூடப் பிறந்தவருக்கு வந்திருக்கு, உங்க ரிஸ்க் ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

ஆனா நம்பரைப் பார்த்து ஆடிடாதீங்க. எனக்கு 58 வயசுல பி.எஸ்.ஏ. ஏறி 7.2 வந்துச்சு. பேங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்து வீட்டம்மாகிட்ட குடுத்துட்டேன். கடைசியில மூத்திரத்துல இன்ஃபெக்ஷன். மருந்து முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு எடுத்தா 2.9. டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி சைக்கிளும் வேணாம், அந்த விஷயமும் வேணாம். முடி கொட்டறதுக்கு ஃபினாஸ்டரைடு சாப்பிட்டா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. நாளாக நாளாக அது பி.எஸ்.ஏ.-வைப் பாதியாக் காட்டும்.

கொளத்தூர் மணி:
எல்லாரும் ஓடிப்போய் எடுக்கறதும் தப்பு சார். சில புற்று ஆமை வேகத்துல வளரும், ஆயுசுக்கும் ஒண்ணும் பண்ணாது. அதுக்குப் போய் ஆபரேஷன் பண்ணிட்டு மூத்திரம் நிக்காம, தாம்பத்தியம் போய்க் கஷ்டப்படறவங்க உண்டு. அமெரிக்காவுல 2018-ல சொன்னதே, 55-லேருந்து 69 வரைக்கும் டாக்டர்கிட்ட பேசி நீங்களே முடிவு பண்ணுங்க, 70-க்கு மேல வழக்கமா வேண்டாம்னுதான்.

மாம்பலம் பெரியவர்:
பொதுவா சரி மணி. அண்ணன் அந்த நிலைமையில இருக்கிறவருக்கு அதைச் சொல்லலாமா? நம்பர் ஏறியிருந்தாலும் இப்பல்லாம் எம்.ஆர்.ஐ. பார்த்துட்டுத்தான் துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸிக்கே போறாங்க. சாதுவான புற்றுன்னா வெட்டாம கண்காணிச்சுக்கிட்டே இருக்கறதும் உண்டு.

அயனாவரம் அக்கா:
தம்பி, உங்க குடும்பத்துல பொம்பளைங்களுக்கு மார்புப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருக்கா? அதுக்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுக் கோளாறு குடும்பத்துல இருந்தா, அது இருக்கிற ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட்ல புற்று வர வாய்ப்பு அதிகம். அதையும் சொல்லுங்க.

பெரம்பூர் சைக்கிள்காரன்:
அக்கா, எங்க சின்ன அத்தை 46 வயசுல மார்புப் புற்றுலதான் போனாங்க. அடையாறு இன்ஸ்டிட்யூட்டுக்கு நான்தான் டிபன் கேரியர் தூக்கிட்டுப் போவேன். ரெண்டுக்கும் முடிச்சு இருக்கலாம்னு இன்னிக்குத்தான் தெரியுது.

சனி, ஞாயிறு சைக்கிள் இல்ல. யூராலஜி டாக்டர்கிட்ட சீட்டு எழுதி வாங்கிடறேன். அதைக் கவுன்ட்டர்ல நீட்டிட்டா வாயத் திறக்க வேண்டியதில்ல பாருங்க.