திருச்சி சித்தப்பா வராங்க (பெரிய வீட்டுக் குழு, செந்தூல், கோலாலம்பூர்)

கமலா அத்தை: வெள்ளிக்கிழமை சித்தப்பாவும் முத்துவும் இறங்குறாங்க. கேஎல்ஐஏ ஏர்போர்ட்ல நிறைய பேரைத் திருப்பி அனுப்புறாங்கன்னு ஒரு வாய்ஸ் சுத்துதே, உண்மையா?

ரேவதி: எனக்கும் வந்துச்சு அத்தே. பயமா இருக்கு

செல்வம் மாமா: அதை யாருக்கும் அனுப்பாதீங்க. பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணதும் கறுப்புப் பட்டியல், பழைய ஓவர்ஸ்டே (நாள் தாண்டித் தங்கினது) எல்லாம் இமிக்ரேஷன் ஆபிசருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அவர் முக்கியமா பார்க்கறது: எம்டேக்ல (வர்றதுக்கு முன்னாடி ஆன்லைன்ல போடற வருகை கார்டு) போட்டது, வாயில சொல்றது, பையில இருக்கறது மூணும் ஒத்துப் போகுதா? ஒத்துப் போகலைன்னா உள்ள கூப்பிட்டு, ரெண்டு பேரையும் தனித்தனியா உட்கார வச்சுக் கேட்பாங்க. அங்கேயும் திருப்தி இல்லைன்னா என்டிஎல், அதாவது நாட்டுக்குள்ள விடமாட்டோம்னு நோட்டீஸ். வந்த ஏர்லைன்லேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

கோபி: விசாதான் வேண்டாமே

செல்வம் மாமா: 2023 டிசம்பர் 1லேர்ந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம், சரி. ஆனா அது சுத்திப் பார்க்க, சொந்தக்காரங்களைப் பார்க்க மாதிரி விஷயத்துக்குத்தான், வேலை செய்ய இல்ல. அதனாலதான் வேலைக்கு நிக்க வர்ற ஆளான்னு கூர்ந்து பார்க்கிறாங்க. முத்து வயசுப் பையன், முதல் பயணம், டிக்கெட் போட்டது வேற ஆளு. இதுல எதுவும் தப்பில்ல. ஆனா கல்யாணத்துக்குப் பத்து நாள் வர்றவன் பையில டிப்ளமா ஒரிஜினல், பயோடேட்டா, சேஃப்டி பூட்ஸ் இருந்தா யார் நம்புவா?

கமலா அத்தை: சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வச்சிருக்கானே! கோபி சொன்னானாம்

கோபி: சும்மா ஒரு எடத்துல காட்டலாம்னு

பெரியம்மா: 2011லயும் இப்படித்தான் சும்மான்னே

செல்வம் மாமா: கோபி, அந்தப் பேச்சே வேண்டாம். மறைச்சுக் கொண்டு வரச் சொல்லல. வேலைங்கற எண்ணத்தையே விட்டுட்டு வரச் சொல்லு.

ரேவதி: மாமா, மல்லிகைச் செடி கேட்டிருந்தேன்

செல்வம் மாமா: பெர்மிட் இல்லாம செடி கூடாதும்மா. மணப்பாறை முறுக்கு கேளு.

ரேவதி: ரெண்டு கிலோ 🙏

செல்வம் மாமா: எம்டேக் புதன்கிழமை போடுங்க, இறங்குறதுக்கு 3 நாளுக்குள்ள இருக்கணும். காசு கிடையாது, கேட்டா அது போலி சைட். பாஸ்போர்ட் 6 மாசம் செல்லணும். ரிட்டர்ன் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, தங்குற வீட்டுக்காரர் ஐசி (அடையாள அட்டை) நகல், முத்து கம்பெனி லீவு லெட்டர் எல்லாம் பிரிண்ட் எடுத்துக் கையில வச்சுக்கணும், செக்-இன் பையில இல்ல. முத்துகிட்ட கேட்டா முத்துவே பதில் சொல்லட்டும், சித்தப்பா முந்திக்க வேண்டாம். எந்த வீட்டு அட்ரஸ் போடறது?

கமலா அத்தை: என் வீடுதான்

பெரியம்மா: மூத்தவ வீடு இருக்கும்போதா?

செல்வம் மாமா: ரெண்டு பேர் கார்டிலயும் ஒரே அட்ரஸ் வேணும்

கமலா அத்தை: போன தடவையும் சித்தப்பா கிள்ளான்ல என் வீட்டுலதானே இருந்தாங்க

ரேவதி: டெர்மினல் 1ஆ 2ஆ?

செல்வம் மாமா: ஏர்ஏசியான்னா 2. அட்ரஸ் சொல்லுங்க

பெரியம்மா: அண்ணன் வேலை முடிஞ்சு வரட்டும், கேட்டுச் சொல்றேன்